துறையிலிருந்து துறைக்கு

நிலவழிச் செலவிற்கும் நீர்வழிச் செலவிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. நிலத்திற் செல்பவன் விரும்பிய இடத்தில் நிற்கலாம்; களைத்தவிடத்து மரநிழலில் அமரலாம்; வழி தவறினால் எதிரே வருவாரை வினவலாம். கடலிற் செல்பவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் நிற்பதற்கும் இளைப்பாறுவதற்கும் உரிய இடம் துறை ஒன்றே. ஒரு துறையை விட்டால் மறுதுறையைச் சேருமளவும் அவனுக்குத் துணையாவன கலமும், கலம் செலுத்துவோரின் அறிவும், காற்றின் நிலையுமேயாம்.

'துறை' என்னும் சொல்லைத் தமிழர் பல பொருளில் வழங்குகின்றனர். ஆற்றில் இறங்கி நீராடும் இடம் துறை. கலங்கள் வந்து தங்கும் இடமும் துறை. கல்வியின் ஒரு பகுதியும் துறை எனப்படும். செய்யுளில் அமையும் பொருட்கூறு ஒன்றற்கும் துறை என்பதே பெயர். இவையனைத்திற்கும் பொதுவான கருத்து ஒன்றுண்டு. அச்சமின்றி இறங்குதற்கும் ஏறுதற்கும் வழியமைந்த இடம் என்பதே அது. வகுப்பறையில் இச்சொல்லுக்குப் பன்முறை பொருள் கூறியிருக்கின்றேன். பணியினின்றும் ஓய்வு பெற்றபின், 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், யானும் என் மனைவியும் மேற்கொண்ட கடற்செலவு அப்பொருளைக் கண்முன் காட்டிற்று. அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

என் மனைவி வேதாரணியத்தில் பிறந்தவர். அவருக்குத் தமக்கையார் ஒருவர் உண்டு. பதினோராண்டு மூத்தவர், தாயினும் மிகுதியாகத் தங்கையைத் தூக்கி வளர்த்தவர். அந்நாளில் எங்கள் கரையோரத்துக் குடும்பங்கள் சில, யாழ்ப்பாணத்தோடு பெண் கொடுத்தும் பெண் கொண்டும் உறவு பேணி வந்தன. அவ்வகையில் 1974-ஆம் ஆண்டில் தமக்கையார் நெடுந்தீவைச் சேர்ந்த வணிகர் ஒருவரை மணந்து, இராமேசுவரத்தில் கப்பலேறித் தலைமன்னார் வழியாகச் சென்றார். இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் கடல் எல்லை வகுத்துக்கொண்டதும் அதே 1974-ஆம் ஆண்டில்தான். பின்னர்த் தந்தையாரின் ஈமச் சடங்கிற்கு ஒருமுறை வந்து சென்றார். அதன்பின் கப்பல் நின்றது, போர் மூண்டது, ஆண்டுகள் நாற்பதிற்கு மேல் கழிந்தன. அக்காளும் தங்கையும் ஒருவர் குரலை ஒருவர் தொலைபேசியிற் கேட்டே வாழ்ந்தனர்.

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் தமக்கையார் பேசினார். "கண்ணிற் புரை படர்ந்துவிட்டது. கைப்பேசியில் உன் முகத்தைக் காட்டுகிறார்கள். நிழல் ஆடுவதுபோலத்தான் தெரிகிறது. உன் முகம் எனக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் முகமாகவே நினைவில் நிற்கிறது" என்றார். அவருடைய கணவர் காலமாகிவிட்டார். மக்கள் இருவரும் கனடாவில் வாழ்கின்றனர். யாழ்ப்பாணம் சென்று கண்ணுக்கு அறுவை செய்துகொள்ள உடன்வருவார் இன்மையால், அதனை ஒத்திவைத்துக்கொண்டே வந்திருக்கின்றார். இதைக் கேட்ட என் மனைவி அன்றே புறப்படத் துணிந்தார். ஆனால், அவர் காதில் அறுவை செய்துகொண்டவர். வானூர்தியில் ஏறலாகாது என்று மருத்துவர் தடுத்திருந்தார். ஆகவே, எங்களுக்கு இருந்தது கடல்வழி ஒன்றே.

அவ்வழியும் அண்மையில்தான் திறந்தது. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பயணியர் கலம் ஓடத் தொடங்கிற்று. வடகிழக்குப் பருவக்காற்று நெருங்கவே சில நாட்களில் நின்றது. 2024-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் 'சிவகங்கை' என்னும் மற்றொரு கலம் ஓடலாயிற்று. நாங்கள் கடவுச்சீட்டு முதலியவற்றை ஆயத்தம் செய்து முடித்த வேளையில், நவம்பரில், பருவமழை கருதி அதுவும் நிறுத்தப்பட்டது.

என் மனைவியின் துயரத்தைச் சொல்லி முடியாது. மாலைதோறும் துறைமுகத்துப் பக்கம் சென்று கடலை நோக்கி நிற்பார். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். நம் நாட்டில் அவ்வெச்சரிக்கை ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிடப் பெற்றுள்ளது. பகலிற் கூண்டுகளாலும் இரவில் விளக்குகளாலும் அது காட்டப்படும். அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் 'பெஞ்சல்' என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அந்நாட்களில் கடலின் சினத்தைக் கண்ட பின்னரே என் மனைவி, "கலத்தை நிறுத்தியவர்கள் நம் பகைவர் அல்லர், நம்மைக் காப்பவர்கள்" என்று கூறினார். பிப்ரவரியில் கலம் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. மார்ச்சில் எங்களுக்கு இடம் கிடைத்தது.

நாகைத் துறை, கடுவையாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது. ஆற்றின் இருமருங்கும் மீன்பிடி விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்னும் மீனவர் ஊர்கள் அருகே உள்ளன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், தமிழ்நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகை மாவட்டம். ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். உற்றாரைக் கொண்டுசென்ற அக்கடலிலேயே எஞ்சியோர் மீண்டும் படகிறக்கித் தொழில் செய்தனர். அவர்தம் நெஞ்சுறுதி போற்றத்தக்கது.

இத்துறையின் பழம்பெருமையும் பெரிது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் இங்கே சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்புவித்தான். சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக வழங்கினான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்து நாட்டிற்குச் சென்று, 'லெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன. கடல் கடந்து வந்த பிற சமயத்தார்க்கும் இடமளித்த துறை இது என்பதற்கு அச்செப்பேடுகள் சான்று.

காலைக் கதிரவன் எழுந்து சிறிது நேரத்தில் கலம் துறையை விட்டு நீங்கிற்று. அது நூற்றைம்பதின்மர் இருந்து செல்லத்தக்க விரைவுக் கலம். இரு துறைகளுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 60 கடல்மைல். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர் ஆதலின், நம் கணக்கில் அது 111 கிலோமீட்டர் ஆகும். கலத்திற் பணிபுரிந்த இளைஞர் ஒருவர், யான் ஆசிரியனாக இருந்தவன் என அறிந்து, கேட்டவற்றுக்கெல்லாம் விருப்பத்தோடு விடை கூறினார்.

கலத்தின் விரைவை 'நாட்' என்னும் அளவாற் கூறுவர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல்மைல் செல்வது ஒரு நாட். அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் முடிச்சு என்பது பொருள். முற்காலத்து மாலுமிகள், சம அளவு இடைவெளியில் முடிச்சுக்கள் இட்ட கயிற்றின் நுனியில் ஒரு பலகையைக் கட்டிக் கடலில் எறிவர். கலம் முன்செல்லச் செல்லக் கயிறு ஓடும். மணற்கடிகையில் மணல் வடிந்து முடிவதற்குள் கையைக் கடந்து சென்ற முடிச்சுக்கள் எத்துணை என எண்ணி விரைவை அறிவர். கயிறும் மணலும் போய்க் கருவிகள் வந்த பின்னரும் முடிச்சு என்னும் பெயர் மாறவில்லை. தொழிலாளர் கைகளே சொற்களைப் படைக்கின்றன என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

துறைமுக வாயில்களில் மிதக்கும் மிதவைகளைப் பற்றியும் அவர் கூறினார். "நம் நாட்டிலும் இலங்கையிலும், கடலிலிருந்து துறைக்குள் நுழையும்போது இடப்பக்கம் சிவப்பு மிதவையும் வலப்பக்கம் பச்சை மிதவையும் இருத்தல் வேண்டும் என்பது விதி. துறையிலிருந்து வெளியேறுவோர்க்கு அவை இடம் மாறித் தோன்றும்" என்றார். அதைக் கேட்ட என் மனைவி, "புறப்படும்போது வலப்பக்கம் நின்ற சிவப்பு, சேரும்போது இடப்பக்கம் வந்துவிடும். அது வந்தால் அக்காள் இருக்கும் கரை வந்துவிட்டது என்று பொருள்" என்றார். அதன்பின் அவர் பார்வை சாளரத்தை விட்டு அகலவில்லை.

கலம் தெற்கு நோக்கிச் சென்றது. கதிரவன் எங்கள் இடப்பக்கத்தே இருந்தான். மேற்கே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், கோடிக்கரை இருந்தது. சோழர் காலத்ததெனச் சொல்லப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே நெடுங்காலம் நின்று, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அழிந்துபட்டது. கரை மறைந்தபின் நாற்புறமும் நீரன்றி வேறொன்றும் இல்லை. நாடுகளின் எல்லையைக் கடந்தோம் என்று இளைஞர் கூறினார். அலைகளில் வேற்றுமை ஒன்றும் காணப்படவில்லை. நண்பகலை ஒட்டித் தெற்கே கரும்பச்சைக் கோடு ஒன்று தோன்றிற்று. அது வளர்ந்து வளர்ந்து பனைமரங்களாயிற்று. அதுவே யாழ்ப்பாணக் கரை.

காங்கேசன் என்பது முருகன் பெயர். முருகன் திருவுருவம் வந்திறங்கியதால் இத்துறை அப்பெயர் பெற்றது என்பது அந்நாட்டு மரபுவழிச் செய்தி. போர்க்காலத்தில் இத்துறையும் இதனைச் சூழ்ந்த ஊர்களும் பெரிதும் நலிந்தன. 1990-ஆம் ஆண்டில் மக்கள் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர். இத்துறைவரை ஓடிய இரயிலும் நின்றது. 2015-ஆம் ஆண்டில் இரயில் மீண்டும் வந்தது. கலங்களும் மீண்டும் வந்ததைக் கண்ட முதியவர் சிலர், துறைவாயிலில் நின்று எங்களை உறவினரைப்போல் வரவேற்றனர். "எங்கேயிருந்து வாறியள்?" என்று அவர்கள் கேட்ட தமிழின் இனிமை இன்னும் என் செவியில் நிற்கின்றது.

அன்றிரவு யாழ்ப்பாணத்தில் தங்கி, மறுநாட் காலையிற் பேருந்து ஏறினோம். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் வேலணைத் தீவு. அதற்கப்பாற் கடல்நடுவே அமைந்த மற்றொரு பாதையின் வழியே புங்குடுதீவு. ஒல்லாந்தர் 1658-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களை இட்டனர். வேலணைக்கு லெய்டன் என்று பெயரிட்டனர். நெடுந்தீவுக்கு டெல்வ்ட் என்று பெயரிட்டனர். நாகையின் செப்பேட்டிற்கும் யாழ்ப்பாணத்துத் தீவிற்கும் ஒரே அயலூர்ப் பெயர் வாய்த்தது வியப்பன்றோ!

பேருந்துப் பாதை புங்குடுதீவின் மேற்கு எல்லையில் உள்ள குறிகட்டுவான் என்னும் இறங்குதுறையில் முடிகின்றது. அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இயந்திரப் படகுகள் செல்கின்றன. நயினாதீவு அண்மையது, நாகபூசணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் அங்குள்ளன. நெடுந்தீவு செல்ல ஒரு மணி நேரம் ஆகும்.

நாங்கள் ஏறியது மரத்தாலாகிய படகு. அணியத்தில் அரிசி மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் அடுக்கப்பட்டிருந்தன. பயணிகளுள் பள்ளி ஆசிரியைகள் சிலர் இருந்தனர். மருந்துப் பெட்டியோடு செவிலி ஒருவர் இருந்தார். உயிர்காப்பு அங்கியை அணிந்து அனைவரும் அமர்ந்தோம். டீசல் இயந்திரம் முழங்கிற்று. ஓட்டி சுக்கானைப் பற்றியவர், எங்களை நோக்கி, "பயப்படாதையுங்கோ ஐயா. இன்றைக்குக் கொண்டல் பின்னாலே இருந்து தள்ளும், கச்சான் எழும்பினால்தான் பாடு" என்றார்.

அவர் சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் இலக்கியத்திற் படித்தவன் யான். அவற்றுள் கொண்டலும் வாடையும் கடற்றொழிலாளர் வாயில் இன்றும் உயிரோடு உலவுகின்றன. கோடைக்கு ஈடாகக் கச்சான் என்பர். தென்றலுக்கு ஈடாகச் சோளகம் என்பர். நூலில் யான் போற்றிய சொற்களை அவர் தம் உயிர்காக்கும் கருவியாகவே கையாள்கின்றார். கொண்டலைக் கச்சான் என்று ஒருநாள் பிறழ உணர்ந்தால் அவர் படகு கரைசேராது. சொல்லின் பொருளை இத்துணைக் கருத்தோடு பயிலும் மாணவர் வேறெங்கு உளர்?

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கினோம். பவளப் பாறைக் கற்களை அடுக்கிய வேலிகள் எங்கும் தோன்றின. தொலைவில் மட்டக்குதிரைகள் மேய்ந்தன. அவை ஐரோப்பியர் கொணர்ந்த குதிரைகளின் வழிவந்தவை என்பர். இவற்றையெல்லாம் நான் நோக்கிக்கொண்டிருக்க, என் மனைவி பனையடியில் நின்ற ஒரு முதியவரை நோக்கி நடந்தார். அம்மையார் அசையவில்லை. எதிரே வருவது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. என் மனைவியும் ஒன்றும் பேசவில்லை, பேச இயலவில்லை. தம் தாயாரின் பித்தளை வெற்றிலைச் செல்லத்தைப் பையிலிருந்து எடுத்துத் தமக்கையின் கையில் வைத்தார். அம்மையாரின் விரல்கள் அதன் மூடியைத் தடவிச் சென்று, ஒரு நெளிவில் நின்றன. "இது நான் கீழே போட்டு நெளித்தது. அம்மா அடித்தா" என்றார். பின்னர்த் தங்கையின் முகத்தை இருகைகளாலும் பற்றிக்கொண்டார்.

நான்கு நாட்கள் அங்கே தங்கினோம். அறுவைக்கு உடன்படுமாறு தங்கை மன்றாடினார், தமக்கையும் இசைந்தார். ஐந்தாம் நாட் காலை துறைக்குச் சென்றபோது காற்று மாறி அலை எழுந்திருந்தது. படகு செல்லாது என்றனர். மருத்துவமனையில் நாள் குறித்திருந்தமையால் என் மனைவி கலங்கினார். அம்மையார் சிரித்தார். "தீவிலே பிறக்கிற பிள்ளை முதலிற் கேட்கப் பழகுவது, 'இன்றைக்குப் படகு உண்டா' என்பதைத்தான். இல்லை என்றால் இல்லை. நாளைக்கு உண்டு" என்றார். ஆசிரியைகளும் செவிலியும் நாள்தோறும் இக்கேள்வியோடுதான் புறப்படுகின்றனர் என்பதை அப்பொழுது எண்ணிப் பார்த்தேன். மறுநாட் கடல் அடங்கிற்று. மூவரும் படகேறினோம். மருத்துவமனையார் நிலைமை அறிந்தவர்களாதலின், நாள் தவறியதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அறுவை முடிந்த மறுநாள் மருத்துவர் கண்கட்டை அவிழ்த்தார். அம்மையார் சிறிது நேரம் சுவரை நோக்கினார். பிறகு சாளரத்தை நோக்கினார். பிறகு தங்கையை நோக்கினார். நெடுநேரம் பார்த்திருந்து, "உனக்கும் நரைத்துவிட்டதா?" என்றார். நாற்பது ஆண்டுப் பிரிவின் துன்பமும் அது தீர்ந்த இன்பமும் அவ்வொரு வினாவில் அடங்கியிருந்தன. என் மனைவி விடை கூறவில்லை. தம் தலையைத் தமக்கையின் மடியிற் சாய்த்துக்கொண்டார்.

மாணவர்களே, கடல் மக்களைப் பிரிப்பது என்பர் சிலர். இணைப்பது என்பர் சிலர். கடல் தானாக இரண்டையும் செய்வதில்லை. எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுபவரும், மிதவை நாட்டுபவரும், காற்றின் பெயரறிந்து சுக்கான் பிடிப்பவரும், 'இன்று இல்லை, நாளை' என்று பொறுத்திருக்கும் பயணியரும் ஒருங்கு சேர்ந்தே கடலை வழியாக்குகின்றனர். அவர்களுள் ஒருவர் தம் கடமையை மறந்தாலும் துறைக்கும் துறைக்கும் இடையே தொடர்பு அற்றுப்போகும். அத்தொடர்பு அறுந்தால் எத்தனை கண்கள் இருளில் இருக்கும் என்பதை யான் கண்டேன். நீங்கள் நாளை எத்துறையில் இறங்கினும், அத்துறையைப் பிறர் அச்சமின்றி இறங்கவும் ஏறவும் தக்கதாகக் காத்து நிற்பீர்களாக.